கல்யாண முருங்கை மீன்

கடத்தூர்
12-3-1968
தீர்த்தமலையான் துணை

அன்புள்ள மாமாவுக்குக் கண்ணம்மாள் எழுதுவது. இங்கே நான், அத்தை, எருமை இரண்டு, கன்று ஒன்று, எல்லோரும் சுகம். உங்கள் பல்வலி விட்டதா என்று எழுதவும்.

போன கடிதம் வந்தது. வழக்கம்போல அத்தையையும் பக்கத்து வூட்டு ராஜாமணி அக்காவையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்க மீன். கல்யாண முருங்கைக் கட்டையில் மீன் செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, சாயம் அடித்து, படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் நிஜ மீன் வந்து கவ்வுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். "உன் வூட்டுக்காரரு மெட்ராசுக்குப் படகு ரிப்பேருக்குப் போனாரா, பொம்மை செய்யப் போனாரா?" என்று ராஜாமணி அக்கா கேட்டார். ஒரு வாய் இரைகூடக் காட்டாமல் ஒரு உயிரை வரவழைப்பது எனக்கென்னவோ பாவமாகத்தான் படுகிறது.

நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. நமக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். நாலு வருசம் ஒரே கூரையின் கீழே இருந்தோம், நீங்கள் அங்கே போய் இரண்டு வருசம். என் வயிறு திறக்கவில்லை. அத்தை இப்போது வெளிப்படையாகவே பேசுகிறார். பாஞ்சாலியை உங்களுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க வேண்டுமாம். என் கூடப்பிறந்த தங்கையை! அவளும் அத்தைக்குத் தம்பி மகள்தானே, உரிமைப் பெண்தானே என்கிறார். ஒன்று, என்னை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள். இல்லை, இந்தப் பேச்சு வேண்டாம் என்று அத்தைக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள்,
கண்ணம்மாள்

●

சென்னை
2-4-1968

அன்புள்ள கண்ணம்மாவுக்கு அர்ச்சுனன் எழுதியது. நான் சௌக்கியம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஆத்தாவின் முழங்கால் எப்படி? சுண்டெலி மாதிரி இருந்த கன்று பால் குடிக்கிறதா?

இங்கே நான் வேலை பார்க்கும் படகுக் கிளப்பில் டாக்டர் ராஜப்பன் என்று ஒரு மெம்பர். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், ஆனால் கொஞ்சமும் கர்வம் கிடையாது. ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு படகை விட்டுப் போனார் என்று எழுதியிருந்தேனே, கயாக் என்று அதற்குப் பேர். மேலே கித்தான் போர்த்தியிருக்கும், இரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டைக்குள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ள வேண்டும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை. டாக்டர் முன்னால், நான் பின்னால். அடையாற்றில் பாலத்தைத் தாண்டி, வண்ணார் துவைக்கிற கல்வரைக்கும் போகிறோம். ஒரு பக்கம் பஸ் ஓடுகிறது, ஒரு பக்கம் எருமை குளிக்கிறது. வற்றிய நேரத்தில் சாக்கடை நாற்றம் குடலைப் புரட்டும். கடல் ஏறி வந்தால் தண்ணீர் தெளிந்துவிடும், கொடுவா மீன் அப்போது உள்ளே வரும். வெள்ளைக்காரன் கடைத் தகர மீனைவிட நான் செதுக்கிய மீனைத்தான் அது கவ்வுகிறது. டாக்டருக்கு ஒரே ஆச்சரியம்.

போன வாரம் படகில் போகும்போது எத்தனை பிள்ளை என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வா, முதலில் உன்னைப் பார்த்துவிடலாம் என்றார். பார்க்கலாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலில் அலையாதே. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அர்ச்சுனன்

●

கடத்தூர்
11-4-1968

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் கண்ணம்மாள். எல்லோரும் நலம். அத்தை முழங்காலுக்கு நொச்சி கட்டுகிறார். கன்று துள்ளுகிறது.

இந்தத் தடவை கடிதத்தை வாசிக்கும்போது டாக்டர் பிள்ளை கேட்ட இடத்தைத் தாண்டிவிட்டேன். வாசிக்கிறவள் நான் என்பதில் இந்த ஒரு சௌகரியம்தான். மீனை மட்டும் முழுசாக வாசித்தேன். மனசுக்குள் எப்படி இருந்தது தெரியுமா? ராஜாமணி அக்கா, "என்னாடி, மீனைப் படிச்சிட்டு இப்படி முகம் மலர்றே?" என்றார்.

கட்டாயம் போங்கள். கூச்சப்படாதீர்கள். நம் பக்கத்தில் எந்த ஆம்பளைக்கு இப்படி ஒரு டாக்டர் வாய்க்கும்? உங்களைப் பார்த்துவிட்டு என்னையும் வரச் சொன்னால் மொரப்பூரில் ரயிலேறி நான் ஒண்டியாகவே வந்துவிடுவேன்.

டாக்டர் என்ன சொன்னாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். அரூரில் எங்கப்பா வூட்டு விலாசத்துக்கு, பாஞ்சாலி பேருக்குப் போடுங்கள். அவள் பிரிக்காமல் கொண்டுவந்து தருவாள். குறை என்னிடம் இருந்தாலும் எழுதுங்கள். தெரிந்துகொண்டு அழுவேன், அவ்வளவுதான். தெரியாமல் அழுவதுதான் முடியவில்லை.

கண்ணம்மாள்

●

சென்னை
30-7-1968

கண்ணம்மாவுக்கு அர்ச்சுனன் எழுதுவது. சுகமாக இருக்கிறேன். மூன்று மாதமாக எழுத முடியவில்லை. வேலை அதிகம்.

கிளப்பில் எட்டு படகுக்கு அடிப்பலகை மாற்றினோம். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆறு கிலோ கொடுவா கிடைத்தது. பாலத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு சுழி. அதில் மீனை நேராக இழுத்தால் வராது, இரண்டு துடுப்பு போட்டு ஒரு துடுப்பு நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது கட்டை மெதுவாக மேலே எழும்பும், அப்போதுதான் கவ்வும். அது இழுத்த இழுப்பில் படகு சுற்றிவிட்டது. டாக்டர் தொப்பி ஆற்றோடு போனது. புதிதாக ஒரு மீனுக்குச் சிவப்புக் கண் வைத்திருக்கிறேன். வாலுக்குக் கோழி இறகு.

டாக்டர் நலம்.

ஆத்தா மனம் கோணும்படி எதிர்த்துப் பேசாதே. வயசானவர்கள்.

அர்ச்சுனன்

●

கடத்தூர்
9-8-1968

அன்புள்ள மாமாவுக்கு, கண்ணம்மாள். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

மூன்று மாதம் பாஞ்சாலி தினமும் தபால்காரரைக் கேட்டிருக்கிறாள். வந்தது இந்த வூட்டு விலாசத்துக்கு, ஆறு கிலோ மீன். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா இல்லையா? போகவில்லை என்றால் போகவில்லை என்றாவது எழுதக் கூடாதா? டாக்டர் நலம் என்று எழுதத் தெரிகிறது. அவர் நலத்தை யார் கேட்டார்கள்?

அத்தை போன வெள்ளிக்கிழமை அரூர் போய் எங்கப்பாவிடம் பேசி முடித்துவிட்டார். தையில் வைத்துக்கொள்ளலாமாம். சட்டம் இருக்கிறதே என்று அப்பா இழுத்தாராம். "பச்சியப்பா, சட்டமா வந்து நமக்குக் கொள்ளி வைக்கப் போவுது?" என்றாராம் அத்தை. அப்பா சரி என்றுவிட்டார்.

பாஞ்சாலி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டாள், தெரியுமில்லையா? தருமபுரியில் டீச்சர் டிரெய்னிங் சேர பாரம் வாங்கிவந்து, பேர் எழுதி, போட்டோ ஒட்டி வைத்திருக்கிறாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் அப்பா. பெண்ணின் கண் வீங்கிப்போயிருக்கிறது.

நீங்கள் வேண்டாம் என்றால் அத்தை கேட்பார். உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். உங்கள் மனசில் ஆசை இருக்கிறது என்றால் அதையாவது சொல்லுங்கள், மானம் கெட்டுப் போய் ஒப்புக்கொள்கிறேன். ஊமையாக இருந்து என்னைக் கொல்லாதீர்கள்.

கண்ணம்மாள்

●

சென்னை
10-9-1968

கண்ணம்மாவுக்கு. நான் நலம்.

உன் கடிதம் கிடைத்தது. பெரியவர்கள் கூடிப் பேசியதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்கு நான் ஒரு குறையும் வைக்க மாட்டேன். நீதான் மூத்தவள். பாஞ்சாலி உன் சொல்லைக் கேட்பாள், அவளிடம் நீயே பேசினால் நல்லது.

தை இரண்டாம் தேதி வருகிறேன். லீவு பத்து நாள். ஆற்றில் வெள்ளம் வந்து படகுத் துறை இடிந்துவிட்டது. மீன் இல்லை.

அர்ச்சுனன்

●

கடத்தூர்
3-3-1969
தீர்த்தமலையான் துணை

அன்புள்ள மாமாவுக்கு, கண்ணம்மாள் எழுதுவது. நீங்கள் போன பிறகு நானும் பாஞ்சாலியும் அத்தையும் நலமாக இருக்கிறோம். பாஞ்சாலி களை எடுக்கப் பழகுகிறாள். கை கொப்பளித்துவிட்டது.

நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூத்தவள் கையால் தாலித்தட்டு வாங்கினால்தான் இளையவளுக்கு விளங்கும் என்று உங்கள் கூட்டத்தார் சொன்னார்கள். கொடுத்தேன். தாலியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டீர்கள். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று ராஜாமணி அக்கா காதில் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடன்காரரைக் கண்டு திரும்புகிற மாதிரி இருந்தது.

ஒரு விசயம் உங்களுக்குத் தெரியாது. பாஞ்சாலி கடைசிவரைக்கும் ஒப்பவில்லை. கிணற்றில் குதிப்பேன் என்றாள். நான்தான் மூன்று நாள் அரூரில் தங்கி அவளைக் கரைத்தேன். "வெளியாளு வந்தா என்னைய வூட்டை வுட்டுத் தொரத்திடுவா. நீ வந்தா எனக்கு ஒரு மூலை இருக்கும். ஒன் அக்காளுக்குப் பிச்சை போடு" என்று காலைப் பிடித்தேன். அந்த டிரெய்னிங் பாரத்தை அவளே கிழித்து அடுப்பில் போட்டாள். எனக்காக. நான் செய்தது அவளுக்கு நல்லதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளை ஒன்று பிறந்துவிட்டால் அந்தப் பாவம் கழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடிக்கு வாருங்கள். அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள்.

கண்ணம்மாள்

●

சென்னை
22-5-1970

கண்ணம்மாவுக்கு அர்ச்சுனன். உன்னுடைய நாலு கடிதமும் வந்தன. எனக்கு உடம்பு சுமார்தான்.

போன ஆடியிலும் இந்தத் தையிலும் வந்து இருந்துவிட்டுத்தானே வந்தேன். ஆத்தா அவசரப்பட்டால் நான் என்ன செய்வது? 'அக்காளும் தங்கச்சியும் ஒரே வயித்துல பொறந்த மலடு' என்று ஆத்தா சொன்னதாக எழுதியிருந்தாய். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று பாஞ்சாலியிடம் சொல். களத்தில் நாலு பேர் முன்னால் அவளை அப்படிச் சொன்னது தப்புத்தான்.

டாக்டரிடம் மருந்து கேட்கச் சொல்லியிருந்தாய். கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவருக்கு வேலை அதிகம்.

இப்போது ஆற்றில் நல்ல மீன். பங்குனியிலிருந்து பதினாலு கொடுவா. ஒரே கல்யாண முருங்கை மீனில் ஒன்பது. சாயம் எல்லாம் பல் பட்டுப் போய்விட்டது. வேறு செதுக்குகிறேன்.

அர்ச்சுனன்

●

கடத்தூர்
8-6-1970

உயர்திரு டாக்டர் ராஜப்பன் அவர்களுக்கு, தங்கள் கிளப்பில் படகு வேலை பார்க்கும் அர்ச்சுனன் மனைவி கண்ணம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும்.

தங்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த வூட்டில் எல்லோருக்கும் தங்களைத் தெரியும். தொப்பி ஆற்றில் போனதுகூடத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருசம், பிள்ளை இல்லை. என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருசம், அவளுக்கும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஊர் ஒரே வாயால் பேசுகிறது. என்னை விடுங்கள், பேச்சு எனக்குப் பழகிவிட்டது. அவளுக்கு இருபது வயசு நிறையவில்லை. வாசலில் கோலம் போடக்கூட வெளியே வருவதில்லை. இவர் தங்களிடம் மருந்து கேட்டதாகச் சொன்னார். தங்களுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் தருமபுரியில் வாங்கிக்கொள்வோம். வரச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

பணிவுடன்,
கண்ணம்மாள்

●

சென்னை
26-6-1970

அன்புள்ள சகோதரி கண்ணம்மாளுக்கு, உங்கள் கடிதம் கண்டேன். நானும் என் மனைவியும் நலம். உங்கள் வீட்டில் என் தொப்பிவரை பேசுகிறீர்கள் என்று அறிந்து சிரித்தேன். உங்கள் கணவர் போன்ற கைத்திறமைக்காரரை நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்களுக்கு மருந்து கேட்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. என்னிடம் அர்ச்சுனன் மருந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதற்கு மருந்து இல்லை என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்ததுதானே. 1968 ஜூனில் நானே அவரை மூன்று முறை சோதித்தேன். பதினாறு வயதில் வந்த பொன்னுக்குவீங்கியால் ஏற்பட்ட குறை அது. அவர் மூலம் குழந்தை உண்டாக வழியில்லை. மனைவியிடம் மறைக்காதே என்று நான் வற்புறுத்தினேன். அடுத்த வாரமே, "வூட்ல சொல்லிட்டேங்க, அவ தைரியமா எடுத்துக்கிட்டா" என்றார். அன்றிலிருந்து உங்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. உங்களிடம் குறை ஏதும் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கலாம்.

உங்கள் தங்கை விஷயம் வேறு. அவரை அழைத்து வாருங்கள். ஆனால் அவரை மட்டும் சோதித்துப் பயனில்லை, அவர் கணவரும் வர வேண்டும். ஆண்கள் இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள். அர்ச்சுனனையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். தானாக முன்வந்து சோதித்துக்கொண்டவர், அவர் சொன்னால் கேட்பார்.

நலம் விரும்பும்,
ராஜப்பன்

●

கடத்தூர்
4-7-1970

அர்ச்சுனனுக்குக் கண்ணம்மாள் எழுதுவது. இங்கே யாரும் சுகமாக இல்லை.

உங்கள் டாக்டர் எழுதிய கடிதம் வந்தது. என்ன எழுதியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கையின் கணவரிடம் உங்களையே பேசச் சொல்லி அழைத்துவரச் சொல்கிறார். பேசுங்கள்.

நான் அழவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். ராஜாமணி அக்காவைக் கூப்பிட்டேன். பாஞ்சாலியை அடுப்படியிலிருந்து வரச் சொன்னேன். ஒரு வார்த்தையையும் விடாமல், எந்த இடத்தையும் தாண்டாமல், முதல் எழுத்திலிருந்து கையெழுத்துவரைக்கும் வாசித்தேன்.

அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "ஆம்பளைக்கு ஏதுடி கொறை? டாக்டரு என்ன சாமியா?" என்றார். எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்று சாயங்காலமே மூன்றாவதாகப் பெண் பார்க்க அதியமான்கோட்டைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை பச்சியப்பன் வூட்டு ரத்தம் வேண்டாமாம். அத்தை எந்த வூட்டில் பிறந்தார் என்று கேட்டேன்.

அத்தையை நான் பொருட்படுத்தவில்லை. உங்களையும் விட்டுவிட்டேன். ரெண்டு வருசமாகச் சாக்கடை ஆற்றில் கட்டையை இழுத்துக்கொண்டு, அது எப்படிக் கவ்வியது, எங்கே சுற்றியது என்று பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அதில் ஒரு வரி உங்களுக்கு மிஞ்சவில்லையா? குறை உங்களிடம் என்றால் நான் உங்களை விட்டுவிட்டு ஓடியிருப்பேனா? ஊருக்கு என் பேரையே மலடி என்று விட்டுக்கொடுத்து உங்களை மூடி வைத்திருப்பேன். என்னை அவ்வளவு தெரியாதா உங்களுக்கு?

போகட்டும். நான் எழுதுவது வேறு ஒன்றுக்கு.

வாசித்து முடித்ததும் பாஞ்சாலி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "இவரு ஒனக்குச் சொல்லிட்டேன்னு டாக்டருகிட்ட சொல்லியிருக்காரே. ஒனக்குத் தெரியுமாக்கா? தெரிஞ்சுதான் என் காலைப் பிடிச்சியா?"

தெரியாது என்று சொன்னேன். தீர்த்தமலையான்மேல் சத்தியம் செய்தேன். சூடம் ஏற்றி அணைத்தேன். அவள் நம்பவில்லை. நான் இருந்து அனுபவிக்க ஒரு மூலை வேண்டும் என்று அவளைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறாள். நாலு நாளாக என்னிடம் பேச்சு இல்லை. நான் வடித்த சோற்றைத் தொடுவதில்லை. நேற்றுத் தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும், போய்ப் படிக்கட்டும், நானே பஸ் ஏற்றிவிடுவேன். ஆனால் என்னை அப்படி நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அவளுக்கு ரெண்டு வயசிலிருந்து நான்தான் தூக்கி வளர்த்தவள்.

உங்களிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். பாஞ்சாலி பேருக்கு, உங்கள் கையெழுத்தில், ஒரு கடிதம் போடுங்கள். 'உன் அக்காளுக்குத் தெரியாது, நான் சொல்லவே இல்லை' என்று எழுதுங்கள். இந்த வரி போதும். மன்னிப்பு வேண்டாம், காரணம் வேண்டாம். அதுவரைக்கும் அவளைப் போகாமல் பிடித்து வைத்திருக்கிறேன்.

கண்ணம்மாள்

●

கார்டு
சென்னை
2-8-1970

அன்புள்ள ஆத்தாவுக்கு உங்கள் மகன் அர்ச்சுனன் வணக்கம். கண்ணம்மா வாசித்துக் காட்டவும். நான் இங்கே நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே சாயங்காலம் தினமும் மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கி இருப்பதால் மீன் பார்த்துக் கவ்வுவதில்லை, வெள்ளைச் சாயம் அடித்துப் பார்க்கிறேன். டாக்டர் இப்போது என்னைப் படகுக்குக் கூப்பிடுவதில்லை. கண்ணம்மாளையும் பாஞ்சாலியையும் சண்டை இல்லாமல் ஒற்றுமையாக இருக்கச் சொல்லவும். ராஜாமணி அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். கன்றை விற்க வேண்டாம். கார்டில் இடமில்லை, மற்றவை நேரில்.

அர்ச்சுனன்